ஒரு ஆணி அடிக்கவும் வருவோம்

பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ கார்பென்டரோ, இதுவரை மேஸ்திரியிடமோ கான்ட்ராக்டரிடமோ வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகத் தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்றால், பெயர் யோசிக்க உட்காரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஏற்கெனவே உங்களிடம் வேலை வாங்கிய நாலைந்து வீடுகளுக்குப் போன் போட்டு, “என் நம்பரை என்ன பேர்ல சேவ் பண்ணியிருக்கீங்க?” என்று கேளுங்கள். “பிளம்பர் செல்வம்”, “செல்வம் மோட்டார்”, “டேங்க் கிளீனிங் தம்பி”, “வேளச்சேரி கார்பென்டர்” என்று ஆளுக்கொரு பதில் வரும். அத்தனையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: ஒரு ஆள், ஒரு வேலை, சில சமயம் ஒரு ஊர்.

உங்கள் தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அதைச் சீர்படுத்தி எடுத்துக்கொள்வதுதான். பெரும்பாலோர் நேர் எதிராகச் செய்கிறார்கள். குலதெய்வத்தின் பெயரில் ஒரு எழுத்து, அப்பா பெயரில் ஒரு எழுத்து, மகள் பெயரில் ஒரு எழுத்து என்று எடுத்து, பின்னால் ‘என்டர்பிரைசஸ்’ அல்லது ‘சொல்யூஷன்ஸ்’ சேர்த்துவிடுகிறார்கள். விசிட்டிங் கார்டில் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து, ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீட்டில் பாத்ரூம் குழாய் பீய்ச்சி அடிக்கிறது. அந்த அம்மா ஒரு கையால் குழாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் போனில் ‘பிளம்பர்’ என்று தேடுகிறார். உங்கள் எண் ‘எஸ்.கே.எம். என்டர்பிரைசஸ்’ என்ற பெயரில் உள்ளே இருக்கிறது, கண்ணில் படவில்லை. அழைப்பு வேறொருவருக்குப் போகிறது.

ஆகவே பெயரில் வேலை தெரிய வேண்டும். இதில் பேரமே இல்லை. எந்தச் சொல்லால் தெரிய வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். குழாய், ஃபேன், கதவு, கொசுவலை, டிவி ஸ்டாண்டு என்று எல்லாச் சில்லறை வேலையையும் ஒரே ஆள் செய்வதை அமெரிக்காவில் ‘ஹேண்டிமேன்’ என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினால் ஐ.டி. கம்பெனி வளாகத்தைத் தாண்டி விளங்காது. ‘ஹோம் சர்வீஸ்’ என்றால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் அனுப்புகிறவர்கள் என்று நினைப்பவர் பாதிப்பேர். ‘மல்டி சர்வீஸ்’ என்றால் ஜெராக்ஸ் எடுத்து, பான் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுத்தரும் கடை. ‘மெயின்டனன்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் அடுக்கக வாசிகளுக்கு மாதாமாதம் கட்டும் சந்தா ஞாபகம் வந்து முகம் சுருங்கிவிடும். ‘வீட்டு ரிப்பேர்’ அல்லது ‘ஹோம் ரிப்பேர்’ என்பதில் அந்தக் குழப்பம் கிடையாது. பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும், கூகுளில் தட்டுகிறவருக்கும் கைக்கு வரும். அழகான சொல் இல்லைதான். எடுத்த காரியத்துக்கு உதவுகிறது, அது போதும்.

வேலைக்கு முன்னால் நிற்கும் பகுதி, அதாவது மற்றவரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் பெயர், இனிமேல்தான் வருகிறது.

நம் ஊர் வழக்கப்படி முதலில் கைபோவது சாமி பெயர் மேல். பக்தியில் குறை காண நான் யார்? ஆனால் தெருவுக்கு ஒரு முருகன் எலக்ட்ரிக்கல்ஸ், பேட்டைக்கு ஒரு பாலாஜி ஹார்டுவேர்ஸ் இருக்கும் இடத்தில் நீங்கள் சம்பாதிக்கும் நல்ல பெயர் பக்கத்துத் தெரு முருகனுக்குப் போகும். அவர் சொதப்பிய வேலையின் வசவு உங்களுக்கு வரும். இன்னொரு சிக்கல், அதை உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று பூட்டி வைக்க முடியாது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தன் சரக்குக்குத் தனியுரிமையாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது. சாமியைக் கல்லாப்பெட்டிக்கு மேல் படமாக வையுங்கள், ரசீதின் தலையில் பிள்ளையார் சுழியாகப் போடுங்கள். பலகையில் வேறு பெயர் இருக்கட்டும்.

உங்கள் சொந்தப் பெயர் நல்ல தேர்வு. தனியாக இருக்கும் பெண்ணோ, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருவராக வசிக்கும் முதியவர்களோ கதவைத் திறப்பது கம்பெனிக்கு இல்லை, ஆளுக்கு. ‘செல்வம் ஹோம் ரிப்பேர்’ என்றால் வாசலில் வந்து நிற்கிறவர் செல்வம் என்று தெரியும். ஏதாவது தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியும். குறை ஒன்று உண்டு. நாளைக்கு இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களை அனுப்பினால், “செல்வம் வரலியா?” என்ற கேள்வி ஒவ்வொரு வாசலிலும் வரும். தொழிலை இன்னொருவருக்குக் கைமாற்றி விடுவதும் கடினம். ஒற்றை ஆளாகவே கடைசிவரை செய்யப்போகிறேன் என்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குமார், செல்வம், ரவி என்று ஊருக்கு நூறு பேர் இருக்கும் பெயராக இருந்தால் உங்களைப் பிரிக்கும் ஏதாவதொன்றைச் சேருங்கள். அப்பா கொல்லர் என்றால் ‘பட்டறை குமார்’ என்றே ஊர் கூப்பிடும். அந்தப் பட்டப்பெயர் பலகைக்கும் பொருந்தும்; கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆள் சேர்த்துத் தொழிலைப் பெரிதாக்கும் எண்ணம் உள்ளவருக்கு நான் சொல்வது, கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சுத்தியல், திருப்புளி, உளி, ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம். எல்லாம் வேலைக்காரர் வாயில் தினமும் புழங்கும் சொற்கள். கடைப்பெயராக யாரும் அதிகம் தொடாதவை. படமாக வரைந்து சட்டையில் தைக்கலாம். ‘திருப்புளி ஹோம் ரிப்பேர்’ என்ற பெயரை ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார். ஆனால் ஒவ்வொன்றையும் நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூலைமட்டம், ரசமட்டம் இரண்டும் கட்டட வேலையில் மரியாதையான கருவிகள்தான், இருந்தாலும் முன்பாதியை விட்டுவிட்டு “மட்டம் வந்திருக்கு” என்று யாராவது கிண்டலடிக்காமல் இருக்கமாட்டார்கள். உளி அழகான சின்னச் சொல், ஆனால் ‘ஒலியா, உளியா, உலியா’ என்று போனில் மூன்று தடவை கேட்பார்கள். சுத்தியல் என்றால் கேட்கவே வேண்டாம், நேசமணி வந்துவிடுவார்.

நேசமணி பற்றி ஒரு வார்த்தை. 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற, தலையில் சுத்தியல் விழும் கான்ட்ராக்டர் நேசமணி பாத்திரம், பதினெட்டு வருஷம் கழித்து, 2019 மே மாதம், ஃபேஸ்புக்கில் யாரோ போட்ட ஒரு சுத்தியல் படத்தால் உலகம் முழுக்கப் பரவியது. பெயிண்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் அந்தப் பெயரைக் கடைக்கு வைக்க ஆசைப்படுவது இயல்பு. வைக்க வேண்டாம் என்பேன். சிரிப்பு வரும், ஞாபகமும் இருக்கும். ஆனால் படத்தில் நேசமணி கோஷ்டி வேலைக்குப் போன வீடு என்ன கதிக்கு ஆளாகிறது என்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறதே! தன் வீட்டுச் சுவரில் டிரில் போட ஆள் தேடுகிறவருக்கு முதலில் அந்தக் காட்சியா ஓட வேண்டும்?

ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்று பலரும் கேட்பார்கள். ‘தாம்பரம் ஹோம் ரிப்பேர்’ என்றால் தாம்பரத்துக்காரர் உடனே எடுப்பார், குரோம்பேட்டைக்காரர் தயங்குவார். நீங்கள் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு மேடவாக்கம் போனால் பெயர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஊரைப் பெயருக்குள் வைக்காமல் கீழ் வரியில் வையுங்கள். கீழ் வரியை அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்துப் பரீட்சை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் உங்கள் பெயரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது வாட்ஸ்அப்பில், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். துபாயிலிருந்து அம்மா வீட்டு மோட்டாருக்கு ஆள் தேடும் மகனும் அப்படித்தான் தட்டுவார். ‘எழில்’, ‘வாழை’ போன்ற ழகரப் பெயர்களை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள், தேடினால் அகப்படாது. பெயரைச் சொல்லி, பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் தேறியது. நியூமராலஜி பார்த்து ஓர் ‘ஏ’வும் இரண்டு ‘ஆர்’ரும் கூட்டிக்கொள்கிறவர்கள் இந்தப் பரீட்சையில் அப்படியே விழுவார்கள். அந்த அதிர்ஷ்ட எழுத்தை உங்கள் கையெழுத்தில் வைத்துக்கொள்ளுங்களேன், கூகுளுக்கு அது வேண்டாம்.

பெயர் ஒன்று அமைந்ததும் யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூகுள் மேப்பில் உங்கள் மாவட்டம் முழுவதும் தேடுங்கள். பிறகு மத்திய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் தேடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டுமானம், ரிப்பேர், பொருத்துதல் வேலைகள் 37-ஆம் வகுப்பில் வருகின்றன, அந்த வகுப்பில் பார்க்க வேண்டும். பதிவு செய்ய விரும்பினால் தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். கிடைத்தால் பத்து வருஷம் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். முதல் நாளே அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது பையனைச் சேர்க்கும் நேரத்தில் செய்தால் போதும். ஆனால் அந்தப் பெயரை நீங்கள் எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு நம் சட்டத்தில் மதிப்பு உண்டு. முதல் ரசீது, கார்டு அச்சடித்த பிரஸ்ஸின் பில், தேதியோடு இருக்கும் விளம்பரம், எதையும் தூக்கி எறியாதீர்கள். வெறும் ‘ஹோம் ரிப்பேர்’ என்பதை மட்டும் பதிவு செய்யப் போனால் நிராகரிப்புதான் வரும். வேலையை வர்ணிக்கும் பொதுச் சொல் எல்லோருக்கும் பொது. முன்னால் நிற்கும் செல்வமோ திருப்புளியோதான் பெயருக்குப் பலம்.

சில வேலிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு ஆகாத பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது சட்டப்படி தவறு. கம்பெனியாகப் பதியாமல் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டுக்கொண்டால் கம்பெனிச் சட்டப்படி நாளொன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். சிலர் ‘வீட்டு டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டுப் பக்கத்தில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை வரைகிறார்கள். அது செஞ்சிலுவைச் சின்னம், அனுமதியின்றிப் பயன்படுத்த 1960-ஆம் வருஷச் சட்டமே தடை விதிக்கிறது. அரசின் ஆதரவு பெற்றதுபோல் தோன்றும் பெயரும் கூடாது. பெரிய ஏ.சி., ஆர்.ஓ. கம்பெனிகளின் சின்னத்தை ஒட்டி ‘அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்’ என்று போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ‘எல்லாக் கம்பெனி ஏ.சி.யும் ரிப்பேர் செய்கிறோம்’ என்று உண்மையாகச் சொல்ல யாரும் தடுக்கமாட்டார்கள். அங்கீகாரம் என்ற பொய்தான் கோர்ட்டுக்கு இழுக்கும்.

கடை எடுத்துப் பலகை வைப்பதானால் தமிழ்நாட்டில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற கணக்கு. கூகுளில் தொழிலைப் பதியும்போது பெயர்க் கட்டத்தில் பெயரை மட்டும் எழுதுங்கள். ‘செல்வம் ஹோம் ரிப்பேர் பெஸ்ட் பிளம்பர் வேளச்சேரி 24 ஹவர்ஸ்’ என்று திணித்தால் விதிமீறல் என்று முடக்கிவிடுவார்கள், மறுபடி உயிர்ப்பிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடை இல்லாதவர் வீட்டு முகவரியை மறைத்து, வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் காட்டலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்க இடமுண்டு. இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. வேலை முடிந்து வாடிக்கையாளர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது திரையில் என்ன பெயர் வருகிறது? பலகையில் ‘திருப்புளி’, திரையில் மச்சான் பெயர் என்றால் அவர் விரல் ஒரு கணம் நிற்கும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க உதவும், ஸ்கேன் செய்தாலும் அந்தப் பெயரே வரும்.

இனி வாசகம். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்’, ‘நம்பிக்கை, நாணயம், நேர்மை’. நகைக்கடைக்கும் எழுதலாம், சிட்பண்டுக்கும் எழுதலாம், மிக்சர் பாக்கெட்டிலும் எழுதலாம். கண் அதில் நிற்காது.

நல்ல வாசகம் கிடைக்க வேண்டுமானால் ஜனங்கள் உங்கள் தொழிலைத் திட்டுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். “காலையில வர்றேன்னான், மூணு நாளாச்சு.” “வேலை முடிஞ்சப்புறம் வாய்க்கு வந்த கூலி கேக்கறான்.” “சுவர்ல ஓட்டை போட்டுட்டு அந்தத் தூசியை அப்படியே விட்டுட்டுப் போயிட்டான்.” “ஒரு தாழ்ப்பாள் மாத்தணும்னா எவனும் வரமாட்டேங்கிறான், பெரிய வேலையா இருந்தாத்தான் வருவானாம்.” திட்டு ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு வாசகம். ‘கூலி முன்னால் சொல்வோம்.’ ‘சொன்ன நேரத்தில் வருவோம், முடியாவிட்டால் முன்பே சொல்வோம்.’ ‘வேலை முடித்துப் பெருக்கிவிட்டுப் போவோம்.’ கடைசித் திட்டிலிருந்து வருவதுதான் எனக்குப் பிடித்தது: ‘ஒரு ஆணி அடிக்கவும் வருவோம்.’ ஆணி என்றதும் ஒரு சிரிப்பும் வரும், எந்தச் சின்ன வேலைக்கும் கூப்பிடலாம் என்ற தைரியமும் வரும். ஆனால் ஒரு ஆணிக்காக மூன்று கிலோமீட்டர் பெட்ரோல் போட்டுப் போனால் கட்டுபடியாகாது. ஆகவே குறைந்தபட்சக் கூலி என்ன என்பதை முதலில் முடிவு செய்து, போனிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி ஏற்பாடு இல்லாமல் இந்த வாசகத்தைத் தொடாதீர்கள்.

வாசகத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் நிறைவேற்ற வேண்டிவரும். நேரத்தை வைத்து வாக்குக் கொடுப்பதில் இரண்டு தடவை யோசியுங்கள். டோமினோஸ் பீட்சா கம்பெனி அமெரிக்காவில் அரை மணி நேரத்தில் வராவிட்டால் இலவசம் என்றும், பிறகு தள்ளுபடி என்றும் வருஷக்கணக்கில் விளம்பரம் செய்தது. டெலிவரி வண்டி மோதிய விபத்து வழக்குகளில் பெரிய நஷ்டஈடு தீர்ப்பாகி, 1993-ல் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. அவ்வளவு ஆள்பலம் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. ஒற்றை பைக்கில் ஓடும் உங்களுக்கு வேளச்சேரி மழையும் வேளச்சேரி டிராஃபிக்கும் இருக்கின்றன. ‘24 மணி நேரமும்’ என்று போட்டால் ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுக்க வேண்டும். ‘அரசு உரிமம் பெற்ற’ என்பது மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உண்மையிலேயே இருந்தால் மட்டும். இல்லாததைச் சொன்னால் 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரமாகிவிடும். உரிமம் இருந்தால் எண்ணோடு போடுங்கள், வாசகத்தைவிட அதுவே பேசும்.

ஓசை நயம் நம் காதுக்குப் பிடிக்கும். ‘தாழ்ப்பாள் முதல் தண்ணீர்த் தொட்டி வரை’ என்பதில் மோனை இருக்கிறது, செய்யும் வேலையின் எல்லையும் தெரிகிறது. ‘குழாய் முதல் கூரை வரை’ இன்னும் நன்றாக ஒலிக்கிறது, ஆனால் மொட்டைமாடி ஒழுக்கை அடைக்கத் தெரியாதவர் எழுதினால் முதல் ஐப்பசி மழையிலேயே மாட்டிக்கொள்வார். மோனைக்காகத் தெரியாத வேலையை வாசகத்துக்குள் இழுக்காதீர்கள். நீளம் ஐந்து சொல்லுக்குள் நின்றால் நல்லது. பேச்சு வழக்கா எழுத்து வழக்கா என்றால், பலகைக்கு எழுத்து வழக்கு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் பேச்சு வழக்கு.

இத்தனையும் கடைசியில் போய் உட்காரும் இடம் ஒரு ஸ்டிக்கர். அடுக்ககத்தின் ஈ.பி. மீட்டர் அறைக்குள் போய்ப் பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடி மேல் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறேழு பிளம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஓரம் உரிந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பாதிப் பெயர் தேய்ந்து போயிருக்கும். வாட்ச்மேன் டார்ச் அடித்து எதைப் படிக்க முடிகிறதோ அந்த எண்ணுக்குத்தான் போன் போகும். பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் நூறு ஸ்டிக்கர் அச்சடித்து, வேலை செய்த வீட்டில் கேட்டுக்கொண்டு, அலமாரிக் கதவின் உட்புறத்திலும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் ஒட்டுங்கள். இரண்டு மாதத்தில் யாராவது அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டால் பலகை எழுதக் கொடுக்கலாம். ‘திருப்பதியா?’ என்று கேட்டுக்கொண்டே கூப்பிட்டால், நஷ்டம் சில நூறு ரூபாயோடு போயிற்று, வேறு பெயர் பாருங்கள்.

ஸ்டிக்கரில் போன் எண்ணைப் பெயரைவிடப் பெரிதாகப் போடுங்கள். எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். சிம் கம்பெனியை மாற்றினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது.